பரண்

பரண் என்பது மரக்கிளைகளின் மேலோ, தரையில் நட்ட கால்களின் மேலோ உயர்த்திக் கட்டப்படும் காத்திருப்பு மேடை. தமிழகத்திலும் இலங்கையிலும் அது முதன்மையாகப் பயிர்க்காவலுக்கு உரியது. இந்தியக் காடுகளில் ஒரு காலத்தில் வேட்டைக்கும் பயன்பட்டது. வட அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுவோர் இன்றும் மரத்தில் பரண் கட்டுகிறார்கள். காவலுக்கும் வேட்டைக்கும் அடிப்படை ஒன்றுதான்: விலங்கு எங்கே வந்தே தீரும் என்பதை அறிந்து, அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் மேலே இடம் பிடிப்பது. ஆனால் வேட்டைக்காரர் தம்மை மறைத்துக்கொள்கிறார், காவல்காரரோ தாம் இருப்பதை இரவு முழுக்க அறிவித்துக்கொண்டே இருக்கிறார். பரணின் அமைப்பும் பழக்கமும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிரிகின்றன.

சங்க இலக்கியத்தில்

சங்கப் பாடல்களில் பரணுக்கு வழங்கும் பெயர் இதணம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கச் செல்லும் பெண்கள், காவலன் மரத்தின் மேல் அமைத்த இதணத்தில் ஏறுகிறார்கள். புலியும் அஞ்சும் இதணம் என்று அது சொல்லப்படுகிறது. தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளை மாற்றி மாற்றி ஒலித்து அவர்கள் கிளியை ஓட்டுகிறார்கள். வள்ளி தினைப்புனம் காத்த கதையும் இந்த மேடையில்தான் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் பரண்மேல் நின்று வள்ளி பாடும் ஆலோலம் இன்றும் ஊர்த் திருவிழாக்களில் மக்கள் விழித்திருந்து கேட்கும் கட்டம்.

வேட்டைக்கு மேடைதான் வேண்டும் என்பதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டு வேட்டைக்குடியினரான எயினரின் நள்ளிரவு வேட்டையை விவரிக்கிறது. மழை பொய்த்த காலம். மான் அடிச்சுவடு பதிந்த நிலத்தில் நீருக்காகத் தோண்டிய குழிகள். அவற்றின் அருகே பள்ளத்துக்குள் ஒடுங்கி, நீர் தேடி வரும் காட்டுப்பன்றியை அவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். உயரத்துக்குப் பதில் பள்ளம். மற்றபடி கணக்கு அதேதான். நீர் வற்றிய பருவத்தில் விலங்கின் வழிகள் சுருங்கி ஓரிரு இடங்களில் குவிகின்றன. வேட்டுவர் அந்த இடத்தில் இருந்தால் போதும்.

மரக்காணம் வட்டாரம்

உப்பளங்களும் கழுவெளி நீர்ப்பரப்பும் சூழ்ந்த மரக்காணம் பகுதி பழைய ஓய்மா நாட்டைச் சேர்ந்தது. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்த நூலில் எயிற்பட்டினத்துப் பரதவர் பாணருக்குச் சுட்ட மீன் தருகிறார்கள். வேலூரின் எயினப் பெண்களோ புளியிட்டுச் சமைத்த சோற்றோடு ஆமான் சூட்டிறைச்சி தருகிறார்கள். இன்று உப்பும் மணிலாக் கடலையும் நெல்லும் சவுக்கும் விளையும் இந்தக் கடற்கரைச் சமவெளிக்கு வேட்டைக்குடிகளின் பழைய வரலாறு ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று.

வில்லாளி ஒருவன் உயரத்தில் ஏறும் காட்சி இந்த வட்டாரத்தில் இன்னும் நிகழ்த்தப்படுகிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் ஒரு நாள் அர்ச்சுனன் தபசு. உயரமான பனந்தண்டு நட்டு, அதன் உச்சியில் ஓர் ஆள் மட்டும் கொள்ளும் சிறு மேடை கட்டுவார்கள். அர்ச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, மேலிருந்து பூவும் பழமும் வீச, கீழே மக்கள் மடி ஏந்திப் பிடிப்பார்கள். கதைப்படி அங்கே அவன் பெறப் போவது பாசுபத அம்பு. சிவன் வேடன் உருவில் வர, ஒரு பன்றி மேல் இருவர் அம்பும் பாயும்.

கட்டும் முறை

வயல் பரணுக்கு நான்கு கால்கள். நுனியில் கவை உள்ள கம்புகளை நட்டால் குறுக்குக் கட்டைகள் தாமாகவே பொருந்தி உட்காரும், ஆணி தேவையில்லை. கடலோரத்தில் சவுக்குக் கம்பும் பனஞ்சட்டமும், மலையடிவாரத்தில் மூங்கிலும் கைக்கு எட்டும் பொருள்கள். கட்டுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு அல்லது பனை நார். தளத்தில் மூங்கில் பிளாச்சு பரப்பி வைக்கோல் போட்டு, மேலே கீற்றோ இப்போது தார்ப்பாயோ வேய்கிறார்கள். மணற்பாங்கான நிலத்தில் கால்களை ஆழமாக ஊன்றி, காற்றடிக்கும் பக்கம் ஒரு முட்டுக்கட்டை கூடுதலாகக் கொடுப்பது வழக்கம்.

மரப்பரணுக்கு வேறு கணக்கு. ஆரோக்கியமான, காய்ந்த கிளை இல்லாத மரம் வேண்டும். தளம் தண்டோடு ஒட்டியிருந்தால் ஆட்டம் குறையும்.

வேட்டைப் பரண்

ஆங்கிலேயர் காலத்து வேட்டைக்காரர்கள் இரைக்கு மேலே மரத்தில் பரண் கட்டி இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ருத்ரபிரயாகைச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே மாதம் சுட்டது, கோலாப்ராயில் ஒரு மாமரத்தில் இருந்த பரணிலிருந்துதான். பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன், பழைய சேலம் மாவட்டக் காடுகளில் காத்திருந்த இரவுகளைத் தம் நூல்களில் எழுதினார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்னைய திருத்தங்களும் இந்தப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. புள்ளிமானோ கடமானோ வெளிமானோ, வில்லாலும் துப்பாக்கியாலும் கண்ணியாலும் வேட்டையாடுவது இந்தியாவில் குற்றம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. விஸ்கான்சின் மாநிலம் 1934இல் வில் வேட்டைக்கென்று தனி மான் பருவம் அறிவித்தது. இன்று பல மாநிலங்களில் வில் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி டிசம்பர், ஜனவரி வரை நீள்கிறது. இந்தப் பின்பருவம்தான் கடினமானது. இணை தேடும் காலம் முடிந்து களைத்துப்போன வெண்வால் மான்கள், குளிரில் உடல் வலுவைக் காத்துக்கொள்ள நடமாட்டத்தைக் குறைத்து, படுக்கும் இடத்துக்கும் மிச்சத் தீவனத்துக்கும் இடையே மட்டும் போய்வருகின்றன. அறுவடையில் தப்பிய மக்காச்சோளக் கொல்லை, சோயா வயல், உதிர்ந்த ஓக் விதைகள்: பரண் இவற்றுக்குப் போகும் தடத்தில் அமைய வேண்டும். எயினருக்கு நீர்ப் பள்ளம் எப்படியோ, இவர்களுக்கு இந்தத் தீவன இடம் அப்படி.

இலை உதிர்ந்த மரத்தில் உட்கார்ந்திருப்பவர் வானத்தின் பின்னணியில் அப்பட்டமாகத் தெரிவார். ஆகவே ஊசியிலை மரத்தையோ, இரட்டைத் தண்டு உள்ள மரத்தையோ தேடுகிறார்கள். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிரித்தறிய வராது. அசைவும் வாடையும்தான் காட்டிக்கொடுக்கும். மான் வரும் திசையிலிருந்து தம்மை நோக்கிக் காற்று வீசும்படி மரத்தைத் தேர்ந்து, காற்று திசை மாறும் நாளுக்கென்று வேறொரு மரத்தையும் பார்த்து வைப்பார்கள். வழக்கமான உயரம் 15 முதல் 20 அடி. அதற்கு மேல் போகப்போக அம்பு செங்குத்தாக இறங்கி, நுரையீரல் இரண்டையும் துளைக்கும் வாய்ப்பு குறைகிறது. விலங்கு வீணாக வதைபடாமல் இருக்க, பெரும்பாலோர் 20 முதல் 30 கெஜத்துக்குள் மட்டுமே அம்பு விடுகிறார்கள்.

இந்த வேட்டையில் மனிதருக்குப் பெரிய ஆபத்து மரத்திலிருந்து விழுவது. உடலைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு வாரைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு, கயிற்றில் இணைத்தபடி ஏறுவதும், ஏறி அமர்ந்த பிறகே வில்லைக் கயிறு கட்டி மேலே இழுப்பதும் கட்டாயப் பாடங்கள். ஆண்டு முழுக்க மரத்திலேயே விட்ட பரணின் பட்டைகளை வெயில் நைந்துபோகச் செய்யும். மரம் பருத்து அவற்றை இறுக்கும். பருவத்துக்கு முன் அவற்றைச் சோதித்து மாற்றுவது ஒழுங்கு.

காவல் பரண் இன்று

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பகுதிகளில் ராகி முற்றும் மாதங்களில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வருகின்றன. உழவர்கள் பரணில் மாறி மாறி விழித்திருந்து, தகரம் தட்டி, டார்ச் அடித்து, பட்டாசு வெடித்து விரட்டுகிறார்கள். இலங்கையின் வன்னியிலும் மட்டக்களப்பிலும் காட்டைத் திருத்திச் செய்யும் சேனைப் பயிருக்கு இதே காவல் உண்டு. யானைக்கு எதிரே நாலு கால் பரண் அரணாகாது என்பதால், இந்த ஊர்களில் பெரிய மரத்தின் மேல் கட்டுவதையே விரும்புகிறார்கள்.

மணிலாவுக்கும் மரவள்ளிக்கும் எதிரி காட்டுப்பன்றி. அது மண்ணைக் கிளறி ஒரே இரவில் பாத்தி பாத்தியாக அழித்துவிடும். 2025இன் தொடக்கத்தில் தமிழக அரசு இதற்கு ஒரு வரையறை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். உழவர் தாமாகச் சுடவோ, வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சவோ சட்டத்தில் இடமில்லை. திருட்டு மின்வேலியில் யானையும் பன்றியும் மட்டுமல்ல, இருட்டில் வரப்பில் நடக்கும் ஆட்களும் செத்திருக்கிறார்கள். பரணில் விழித்திருக்கும் ஆள், உயிர் எதையும் பறிக்காமல் அதே காவல் வேலையைச் செய்கிறார். விலையாக அவர் கொடுப்பது தூக்கம். அந்த இரவுகளுக்கான கூலி பயிர் இழப்பீட்டுக் கணக்கில் சேர்வதில்லை.