ஜி.என்.டி. சாலையும் மாத்திரைக் குப்பியும்

சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தையும் சோழவரத்தையும் கடந்து, கும்மிடிப்பூண்டியின் இரும்பாலைகளை ஒட்டி ஓடி, எளாவூர் சோதனைச்சாவடிக்கு அப்பால் ஆந்திர தேசத்துக்குள் நுழையும் ஜி.என்.டி. சாலையில், சரக்குச் சீட்டைச் சரிபார்த்து முடிக்கும்வரை இரவில் வரிசையாய்க் காத்துக்கிடந்த லாரிகளை நினைத்துப் பார்த்தால், எய்ட்ஸ் தடுப்புப் பிரசாரம் லாரிக்காரர்களைத் தேடிச் சென்ற காரணம் விளங்கும். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ஜீவனம் நடத்தியவர்கள் அவர்கள்.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்தம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றிற்று. லாரி நிறுத்தங்களில் ஆணுறை வழங்கினார்கள். பிற்பாடு புள்ளி ராஜா என்னும் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் ஊரெங்கும் பேச்சாயிற்று. பயன் விளையாமல் இல்லை. ஆயினும் அந்தப் பிரசாரம் முழுவதும் நோய் அண்டாதவனை நோக்கியே பேசிற்று. நோயுற்றவனோ பிறருக்கு எச்சரிக்கையாகக் காட்டப்பட்டானேயன்றி, அவனுக்கென்று ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. கணவனையன்றி வேறெவரையும் அறியாத மனைவியர் பலர் நோயுற்றிருந்தது சென்னை மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தும், அம்மனைவியரைப் பற்றிய பேச்சு மிகத் தாமதமாகவே எழுந்தது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி உள்ளிட்ட சில இடங்களில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும், தேகபலம் திரும்பியவன் ஜாக்கிரதையைக் கைவிட்டு நோயைப் பரப்புவானோ என்ற அச்சம் பலரிடம் எழுந்தது. சென்னைத் தம்பதியரும் பங்குகொண்ட சர்வதேச ஆராய்ச்சியொன்று 2011இல் அதற்கு விடை தந்தது: முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால், நோயுள்ளவரிடமிருந்து அவருடைய துணைக்குக் கிருமி பரவும் அபாயம் 96 சதவீதம் குறைகிறது. கிருமி இரத்தத்தில் தென்படாத அளவுக்கு ஒடுங்கி நிற்குமானால், உடலுறவின் வழியே அது பரவுவதில்லை என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதிசெய்தன.

அந்த ஒடுக்கம் மாத்திரையை விடாமல் உண்பதைப் பொறுத்தது. கிளீனர் கண்ணில் படாதிருக்கக் குப்பியின் மேல்தாளைக் கிழித்து, மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்து, இரண்டு நாள் வழிப்பயணத்தில் ஒருவேளையைத் தவறவிட்டு, மறுவேளையையும் மறந்து, அப்படியே பல நாள் விட்டுவிடுபவனிடம் கிருமி மீண்டும் பெருகுகிறது. ஆணுறையை எடுத்தால் மனைவிக்குச் சந்தேகம் எழுமென்று அதையும் தவிர்த்தால் ஆபத்து மேலும் கூடுகிறது. இவனை ஒழுக்கமற்றவன் என்று ஏசுவோர், அவன் ஒளிப்பதற்குக் காரணமாய் நின்ற பயத்தை ஊட்டியவர் எவர் என்று யோசிக்க வேண்டும். அந்தப் பயத்துக்கு மாற்றாக, நோயைக் காட்டி வேலையிலிருந்து விலக்குவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. லாரி முதலாளிகளின் ஆபீசுகளில் அதைப் படித்துச் சொல்வார் இன்னும் வேண்டும்.