ப்ரமாணத் திரட்டு: கண்டதும் கேட்டதும்

எந்த வாக்யத்தை எந்த நூலில் படித்தோம், அதனை யார் வழியாகப் பெற்றோம் என்னும் கணக்கு பிசகினால், ஆராய்ச்சி மாணவனுடைய பல்லாண்டு உழைப்பும் பிசகிவிடும். இது இக்காலத்தில் புதிதாக முளைத்த இடரன்று. நம் பூர்வாசார்யர்கள் இதனை நன்கறிந்து, இதற்கென்றே ஒரு நூல்வகையை அமைத்து வைத்தார்கள். ப்ரமாணத் திரட்டு என்பது அதன் பெயர். அது தோன்றிய காரணத்தையும், இன்று அதனால் நாம் கற்கவேண்டியதையும் இங்கே சிறிது விண்ணப்பிக்கிறேன்.

திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வ்யாக்யானங்களும் படிக்கணக்கால் பெயர் பெற்றவை. ஒற்று நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளியது 6000 படி. நஞ்சீயர் அருளியது 9000. வாதிகேசரி அழகியமணவாளச் சீயர் அருளியது 12000. பெரியவாச்சான் பிள்ளை அருளியது 24000. நம்பிள்ளை காலக்ஷேபமாக அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டு இரவில் ஏட்டில் எழுதிவைத்தது 36000 படியான ஈடு. எழுத்தால் எண்ணினால் பதினொரு லக்ஷத்துக்கு மேலாகும்.

இத்துணைப் பெரிய நூலில் ஸ்ரீராமாயணம், மஹாபாரதம், ஸ்ரீவிஷ்ணுபுராணம், உபநிஷத்துகள் முதலியவற்றின் வாக்யங்கள் பக்கந்தோறும் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் நூற்பெயர் இராது. ச்லோகமும் முழுமையாக இராது. இரண்டு மூன்று சொற்கள் மட்டும் வந்து, 'என்கிறபடியே' என்று தமிழ் வாக்யத்தோடு கலந்து ஓடிவிடும். பழக்கமில்லாதவர் அங்கே ஒரு மேற்கோள் இருப்பதையே அறியாமல் கடந்து போவர்.

இதனைக் குறை என்று கொள்ளலாகாது. கேட்ட கோஷ்டியின் நினைவாற்றல் அத்தகையது. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுத்து வரும்படி நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கையில் ஏடுகள் வெள்ளத்தில் போயின. அவரோ கேட்ட அர்த்தங்களை நினைவிலிருந்தே மறுபடி எழுதி, சில இடங்களில் விசேஷார்த்தமும் சேர்த்துக் கொணர்ந்தார். நஞ்சீயர் உகந்து, 'நம்பிள்ளை' என்று அவருக்குத் திருநாமம் சாற்றினார் என்பது குருபரம்பரைச் செய்தி. அத்தகையோர் கூடிய கோஷ்டியில் இரண்டு சொற்களே முழு ச்லோகத்தையும் நினைப்பூட்டப் போதுமானவை.

அந்த நிலை நீடிக்கவில்லை. 1323இல் திருவரங்கம் சூறையாடப்பட்டது. நம்பெருமாள் மீண்டும் எழுந்தருளியது 1371இல். இடைப்பட்ட காலத்தில் கற்றோரும் ஏடுகளும் சிதறின. ஈடோ ஈயுண்ணி மாதவப் பெருமாள் தொடங்கி ஓராண் வழியாக வந்துகொண்டிருந்தது. அவ்வழியில் அதனைத் திருவாய்மொழிப் பிள்ளையிடம் பெற்றவர், 1370இல் அவதரித்த மணவாள மாமுனிகள். 'ஈட்டுப் பெருக்கர்' என்று போற்றப்பெற்ற அவர் ஈட்டைப் பரப்பியதோடு நில்லாமல், அதிலுள்ள மேற்கோள்களின் ஆகரங்களைத் தேடித் திரட்டியும் உதவினார். தத்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகியவற்றுக்கும் அவர் ப்ரமாணத் திரட்டு அருளியுள்ளார்.

பெரியாழ்வார் திருமொழி விஷயத்திலும் அவருடைய இந்த நோக்கு விளங்கும். பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானத்தில் செல்லரித்துப் போன பகுதிக்கு மட்டுமே மாமுனிகள் உரை இட்டார். பழைய உரை தொடங்கும் இடத்தில் தம் உரையை நிறுத்திவிட்டார். தம் சொல் எது, பூர்வர் சொல் எது என்னும் எல்லையை அவர் கலங்கவிடவில்லை. மேற்கோள் ஒழுக்கத்துக்கு இதனினும் சிறந்த உதாரணம் அடியேன் அறியேன்.

அடியேன் பள்ளியில் பயின்றவனல்லன். தகப்பனாரிடமே வீட்டுத் திண்ணையில் பாடம் கேட்டவன். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடிட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் மேற்கோளின் முதற்சொற்கள், வலப்பக்கம் ஆகரம். பிறர் சொல்லக் கேட்டதானால் 'கே' என்றும், மூலத்தில் கண்ணால் கண்டதானால் 'க' என்றும் குறி இடவேண்டும். ஒன்றும் தெரியாவிடில் வெற்றிடம் விடவேண்டும்; ஊகித்து நிரப்பலாகாது.

முப்பது வயதில் அந்த விதியை மீறினேன். 'கே' என்று குறித்திருந்த ஒரு ச்லோகத்தை, ஸ்ரீவிஷ்ணுபுராணத்தது என்று உறுதியாகக் கட்டுரையில் எழுதிவிட்டேன். முதியவர் ஒருவர், "தேவரீர் எந்த அம்சத்தில் ஸேவித்தது?" என்று மட்டும் கேட்டார். ஆறு அம்சங்களையும் புரட்டினேன், அதில் இல்லை. பின்னர் அது ஸ்ரீவிஷ்ணுதர்மத்தில் அகப்பட்டது. அன்று பட்ட வெட்கம் இன்றும் அடியேனுக்கு ஆசார்யனாக நிற்கிறது.

அண்மையில் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். ஈட்டிலுள்ள ஸ்ரீராமாயண மேற்கோள்களைக் கணினியில் தேடி, கிடைக்காதவற்றைப் பட்டியலிட்டிருந்தார். அவற்றின் தலைப்பில் 'உரையாசிரியரின் பிழைகள்' என்றிருந்தது. அவர் தேடியது பரோடா ஆய்வுப் பதிப்பின் மூலபாடத்தில் மட்டுமே. நம் ஆசார்யர்கள் ஓதியதோ தென்னாட்டுப் பாடம். அப்பாடத்துக்கே உரிய ச்லோகங்கள் பல, அப்பதிப்பில் அடிக்குறிப்புகளிலும் பிற்சேர்க்கையிலும் உள்ளன. இருவருமாக அமர்ந்து அங்கே பார்த்தோம். பட்டியலில் சில அன்றே நீங்கின, எஞ்சியவை எஞ்சின. தலைப்பை 'யான் இன்னும் காணாதவை' என்று மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவரும் இசைந்தார்.

இரண்டு தலைப்புகளுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. முந்தையது பூர்வர்மேல் ஏற்றிய பழி. பிந்தையது தன் தேட்டத்தின் எல்லையை ஒப்புக்கொள்ளுதல். கணினி தேடித் தருவதை வெறுக்க வேண்டுவதில்லை. திரட்டும் அக்காலத்தில் அப்படியொரு கருவியே. ஆயினும் கருவி காட்டுவது வாசலை மட்டுமே. உள்ளே சென்று, முன்னும் பின்னும் உள்ள ச்லோகங்களோடு சேர்த்து ஸேவித்தால்தான், ஆசார்யர் அந்த இரண்டு சொற்களை அங்கே எடுத்ததன் ஸ்வாரஸ்யம் புலப்படும்.

ஆராய்ச்சியில் இறங்கும் இளையோர், படிக்கத் தொடங்கும் நாளிலேயே ஒரு கோடு இட்டுக்கொள்வார்களாக. கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் எழுதுவார்களாக. வெற்றிடத்துக்கு அஞ்சவேண்டா, பின்வருவோர் அதனை நிரப்புவர். பொய்யாக நிரப்பிய இடத்தையோ ஒருவரும் மீண்டும் தேடமாட்டார்.