வன்னி வானிற் கங்கணம்

வன்னியின் வரலாற்றை எழுதப்புகுந்தோர் பெரும்பாலும் நிலத்தையே நோக்கினர். குளமும் வயலும், கோட்டையும் குறுநிலத் தலைவரும், காடும் காய்ச்சலும் அவ்வரலாற்றின் பொருளாயின. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும் இப்போக்கிற்குப் புறம்பானதன்று. எனினும் அந்நிலத்தின் மேல் விரிந்த வானுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை யார் நோக்கினர், எங்கு நின்று நோக்கினர், நோக்கும் வாய்ப்பு எவருக்கு இருந்தது என்ற வினாக்களை எழுப்பும்போது அது வானியலின் எல்லையைக் கடந்து சமூக வரலாறாகிவிடுகின்றது. வன்னியைக் கடந்துசென்ற சூரிய கிரகணங்களுள் மூன்றை இந்நோக்கில் ஆராய்தல் பொருந்தும்.

1871 டிசெம்பர் 12ஆம் நாட் காலையில் நிகழ்ந்த பூரண கிரகணத்தின் பாதை, மலையாளக் கரையிலுள்ள பேக்கல், நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை ஆகிய இடங்களைத் தொட்டு, யாழ்ப்பாணம், திருகோணமலை வழியாகக் கிழக்கே சென்றது. பேக்கலில் நோர்மன் லொக்கியரும், நீலகிரியில் பிரான்சிய அறிஞர் ஜான்சனும், அவிநாசியில் சென்னை வானாய்வகத்தின் பொக்சனும், புதுக்கோட்டையில் இத்தாலியரான ரெஸ்பீகியும் கருவிகளுடன் காத்திருந்தனர். இலங்கையின் நில அளவைத் தலைமையதிபதி பையர்ஸ் யாழ்ப்பாணத்தில் நின்றார். பின்னர் சலெஞ்சர் கப்பலின் கடலாய்வுப் பயணத்தாற் புகழ்பெற்ற மோஸ்லி திருகோணமலையில் நின்றார்.

பூரண மறைப்பின்போது சூரியனைச் சூழ்ந்து தோன்றும் ஒளிமகுடம் சூரியனுக்கே உரியதா, அன்றிப் பூமியின் வளிமண்டலத்தால் விளையும் தோற்றமா என்பது அக்காலத்தில் முற்றாகத் தீராத வினாவாக இருந்தது. ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலிருந்த நிலையங்களில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் அம்மகுடத்தின் அமைப்பு ஒத்திருந்தது. ஜான்சன் அதன் நிறமாலையிற் சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகளைக் கண்டார். ஏறத்தாழ இரண்டு நிமிட இருளில் இவ்வளவும் நிறைவேறின.

யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் நேர்கோடொன்று வரையின் அது வன்னியை ஊடறுத்தே செல்லும். அன்று காலை இருள் கவிந்த நிலத்திற் பெரும்பகுதி வன்னிக்காடேயாகும். ஆயினும் புகழ்பெற்ற நிலையங்கள் அக்கோட்டின் இரு முனைகளிலேயே அமைந்தன. இதற்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கப்பல் வழியாக அடையலாம். பாரமான கருவிகளைக் காட்டுவழியாற் கொண்டுசெல்லல் எளிதன்று. வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியது 1905இலேயாகும். கிளிநொச்சி ஒரு நகராக வளர வழிகோலிய இரணைமடுக் குளத்தின் கட்டுமானமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குரியதே. உடைந்த குளங்களும் மலேரியாவும் குடிமக்களைக் குறைத்துவிட்ட ஒரு நிலத்தில் நிழல் விழுந்தது. நிழலைக் குறித்துக்கொள்ள வந்தோர் கரையோடு நின்றனர்.

இதே நிலைமை பின்னரும் தொடர்ந்தது. திருகோணமலையிற் பணியாற்றிய படைப்பொறியியலாளர் மோல்ஸ்வேர்த், தொழிலால் வானியலாளர் அல்லர். ஓய்வு நேரத்திற் பன்னிரண்டரை அங்குலத் தொலைநோக்கியால் வியாழனை ஆராய்ந்து, 1901இல் அக்கோளின் தென்பகுதியிற் பெருங்குழப்பமொன்றைக் கண்டறிந்தார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அலன் ஆபிரகாம் 1910இல் ஹேலியின் வால்வெள்ளியை ஆராய்ந்தார். லண்டன் அரச வானியற் கழகமும் அவரை ஏற்றுக்கொண்டது. வானியல் ஆர்வலர் என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இவ்விருவரிலும் சிறந்த எடுத்துக்காட்டுகள் அரிது. ஒருவர் வன்னிக்குத் தெற்கே, மற்றவர் வடக்கே. கருவியும் கல்லூரியும் இருந்த இடங்களில் ஆர்வலர் தோன்றினர். வானம் மட்டும் போதவில்லை.

உண்மையில், தெளிந்த இருள்வானத்துக்கு வன்னியில் ஒருகாலும் பஞ்சமிருந்ததில்லை. 1990க்குப் பின் அவ்விருள் இன்னும் கடுமையாயிற்று. போரினால் மின்சாரம் அற்றுப்போக, பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாக, ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கொளியில் மாணவர் படித்தனர். மேலைநாட்டு ஆர்வலர் வாரஇறுதிகளில் நகர வெளிச்சத்தை விட்டு நெடுந்தொலைவு சென்று தேடும் இருள் இங்கு வீட்டு முற்றத்திலேயே கிடந்தது. ஆனால் வன்னி மக்கள் அண்ணாந்து பார்த்தது விண்மீனுக்காக அன்று. கிபிர் விமானத்தின் ஓசை எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை அறியவே பார்த்தனர். வானை நோக்குதல் என்பது பதுங்குகுழிக்குச் செல்லுமுன் செய்யப்படும் காரியமாயிற்று. இருள்வானம் ஒரு செல்வம் என்று இன்று கூறுவோர் அவ்விருளின் விலையையும் கருதவேண்டும்.

2010 ஜனவரி 15ஆம் நாள், தைப்பொங்கலுக்கு மறுநாள், கங்கண கிரகணம் நிகழ்ந்தது. சந்திரன் பூமியினின்றும் தொலைவில் நின்றமையாற் சூரியனை முழுதும் மறைக்க இயலாது, ஒளிவளையமொன்றை விட்டுவைத்தது. மூன்றாம் ஆயிரத்தாண்டின் மிக நீண்ட கங்கண கிரகணம் இதுவே. இந்து சமுத்திரத்தில் அதன் உச்ச அளவு 11 நிமிடம் 8 செக்கன். பிற்பகல் ஒன்றரை மணியளவில் அவ்வளையம் வடஇலங்கையின் மேல் நின்றது. தென்னிலங்கையிலிருந்து மாணவரும் ஆர்வலரும் யாழ்ப்பாணத்தை நோக்கிச் சென்றனர். அவர்களுட் பலருக்கு அது வடக்கைக் காணும் முதல் வாய்ப்பு. போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. இடைப்பட்ட வன்னியிற் கூரையிழந்த வீடுகளும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுமே மிகுந்திருந்தன. அந்நிலத்துக்குரிய மக்களுட் பெருந்தொகையினர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தனர். கிரகணப் பாதை அம்முகாமையும் உள்ளடக்கிற்று. 1871இற் பாதை இல்லாமையால் ஆய்வாளர் வன்னியிற் தங்கவில்லை. 2010இல் பாதை இருந்தது. நிலத்தில் மனிதர் இல்லை.

மூன்றாவது கிரகணம் 2019 டிசெம்பர் 26இல் நிகழ்ந்தது. இதன் பாதை வியப்புக்குரியது. காசர்கோட்டுக் கரை, நீலகிரி, கோயம்புத்தூர், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, திருகோணமலை என 1871ஆம் ஆண்டின் பாதையையே பெரும்பாலும் தழுவி, அதே டிசெம்பர் மாதத்துக் காலைவேளையில் அது சென்றது. 18 ஆண்டுக்கொரு முறை மீளும் கிரகணச் சுழற்சியில் இவ்விரண்டும் ஒன்றைச் சேர்ந்தவை அல்ல. ஆதலின் இவ்வொற்றுமை தற்செயலே. இம்முறை கிளிநொச்சி பெருவழியில் அமைந்த நகர். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்கின. வளையத்தைக் காண வன்னி மாணவர் ஓரிடத்துக்கும் பயணம் போகவேண்டியிருக்கவில்லை. சூரியனை நோக்குதற்குரிய வடிகட்டிக் கண்ணாடி ஒன்றே வேண்டியிருந்தது. சாணநீரிற் சூரியனின் நிழலைப் பார்க்கும் பழைய வழக்கம் கண்ணுக்குக் காப்பன்று என்பதை இங்குச் சொல்லிவைத்தல் தகும்.

அந்நாள் ஆழிப்பேரலையின் பதினைந்தாம் நினைவுநாளுமாகும். 2004இல் முல்லைத்தீவுக் கரையில் அலை பல்லாயிரம் குடும்பங்களைச் சிதைத்தது. இலங்கையெங்கும் காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் மௌனம் காத்து இறந்தோரை நினைவுகூர்தல் வழக்கம். 2019இல் அம்மௌனம் தொடங்கியபோது சூரியனின் பெரும்பகுதி மறைந்து, கரையில் வெயில் மங்கியிருந்தது. 9.35 மணியளவில் முல்லைத்தீவுக் கடலின் மேல் வளையம் முழுமையாயிற்று; மூன்று நிமிடமளவு நின்றது.