முப்பது ரூபாய் எழுத்தர்

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைப் போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டது. எழுத்தர் பணியிடம் ஒன்று காலியாக இருப்பதாக அறிகிறேன். மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்திருக்கிறேன், சூழ்நிலைகளால் மேலே படிக்க இயலவில்லை, என் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன், வேலை கிடைத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை உண்டு என்பது அதன் சாரம். எழுதியவர் ராமானுஜன். மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை எழுத்தர். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

இந்தச் செய்தியை நாம் வழக்கமாக ஒரு பெருமூச்சுடனேயே சொல்கிறோம். மாமேதையைக் கணக்கெழுத வைத்த நாடு என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறேன். ஆனால் 1910 தொடங்கி மூன்றாண்டுகள் அவர் வேலை தேடிய கதையை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரங்குவதற்கு உரிய இடம் அந்த எழுத்தர் மேசை அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. தமக்கு எது வேண்டும் என்பதை அவர் அளவு தெளிவாக அறிந்து வேலை தேடியவர்கள் குறைவு.

முன்கதை சுருக்கமானது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையுடன் சேர்ந்து, கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனமின்றி அதை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வி. 1909இல் திருமணம் நடந்தது. தந்தை துணிக்கடைக் கணக்கர். வேலை தேடுவோர் கையில் இருக்க வேண்டியவை என்று உலகம் கருதும் எதுவும் இவரிடம் இல்லை. இருந்தது ஒரு நோட்டுப்புத்தகம். அதில் வரிசை வரிசையாகத் தேற்றங்கள். நிரூபணங்களோ பெரும்பாலும் கிடையா.

1910இல் அதை எடுத்துக்கொண்டு திருக்கோவலூருக்குப் போனார். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் தமிழ் வாசகருக்கு மலையமான் திருமுடிக்காரியும் கபிலரும் நினைவுக்கு வரக்கூடும். பரிசிலர் நாடிச் சென்ற அவ்வூரில் அப்போது டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். தம் ஆளுகைக்குட்பட்ட நகராட்சியிலோ தாலுகா அலுவலகத்திலோ ஓர் எழுத்தர் வேலை தரும்படி ராமானுஜன் கேட்டார். நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை தர மறுத்துவிட்டார். வருவாய்த்துறையின் அடிப்படியில் அமர்த்தி அந்த அறிவை அவித்துவிட மனம் ஒப்பவில்லை என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மறுத்ததோடு நில்லாமல் சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார்.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்படும் வறியவனுக்குப் புரவலனிடம் செல்லும் வழியைச் சொல்லுவது அதன் இலக்கணம். ராமானுஜன் நடந்த வழியும் அத்தகையதே. திருக்கோவலூர் ஐயர் சென்னைக்கு வழிகாட்டினார். அங்கே, முன்பு கும்பகோணத்தில் தமக்குக் கற்பித்த பி.வி. சேஷு ஐயரைச் சந்தித்தார். அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில காலம் தற்காலிக வேலை வாய்த்தது. சேஷு ஐயர் காட்டிய வழி நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் கொண்டு சேர்த்தது.

ராமச்சந்திர ராவ் எழுதிவைத்த குறிப்பு ஒவ்வொரு வேலைதேடுநரும் படிக்கத்தக்கது. கசங்கிய உடையும் கக்கத்தில் நோட்டுமாக வந்தவரிடம், உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். உயிர் வாழ ஒரு சிறுதொகை போதும், ஆராய்ச்சியைத் தொடர வேண்டும் என்பதே விடை. பதவியோ புகழோ கேட்கவில்லை. புறநானூற்றில் பரிசில் கடாநிலை என்றொரு துறை உண்டு. அத்துறைப் புலவர்களின் மிடுக்கு இந்த விடையில் இருக்கிறது. நெல்லூர் போன்ற மூலையில் இவரை வைத்திருப்பது கொடுமை என்று கருதிய ராவ், மாதந்தோறும் பணம் தருவதாகச் சொல்லிச் சென்னைக்கே திருப்பியனுப்பினார்.

சுமார் ஓராண்டு அப்படிக் கழிந்தது. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் பெர்னூலி எண்கள் பற்றிய அவரது முதல் கட்டுரை வந்தது. கேட்டது கிடைத்துவிட்ட பின் ஏன் துறைமுகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்? காரணத்தையும் ராவே சொல்லியிருக்கிறார். உதவித்தொகை பெறும் முயற்சிகள் பலிக்கவில்லை. ஒருவருக்கு நெடுங்காலம் பாரமாக இருக்க ராமானுஜன் விரும்பவில்லை. ஆகவே அந்தச் சிறுவேலையை அவராகவே தேர்ந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வழிகாட்டியவர்களில் பெரும்பாலோர் கணிதத்தில் தோய்ந்துகொண்டே அலுவலகச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். ராமசாமி ஐயர் டெபுடி கலெக்டர், ராவ் கலெக்டர். போர்ட் டிரஸ்ட் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயரும் கணிதம் கற்பித்துப் பின் அங்கு வந்தவர். பகலில் கோப்பு, இரவில் கணிதம் என்ற ஏற்பாட்டை அவர்கள் தங்களுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். அதே ஏற்பாட்டின் கடைசிப்படியில்தான் ராமானுஜனுக்கும் இடம் கிடைத்தது. விண்ணப்பத்துக்குத் துணையாக மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையும், நாராயண ஐயரின் அக்கறையும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவும் சேர்ந்து, அந்த மேசையில் அவருக்கு ஓய்வும் கிட்டியது. பொதி சுற்றிய தாள்களைத் தேடியெடுத்துக் கணக்குப் போட்டார் என்று உடனிருந்தோர் சொல்லியிருக்கின்றனர். மாலைகளில் நாராயண ஐயரும் அவரும் சிலேட்டுகளோடு அமர்வார்களாம்.

அந்த மேசையிலிருந்துதான் 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டிக்குச் சென்றது. ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் எழுத்தர் என்று தொடங்குகிறது. பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய விகிதப்படி 24 பவுன் வரும். வயது ஏறக்குறைய 23 என்கிறார், 25 நிறைந்திருந்தது. தன்விவரக் குறிப்பு எழுதும் மாணவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தச் சிறு நெகிழ்வுகள் புன்னகை தருகின்றன. இன்னொன்று, போர்ட் டிரஸ்டுக்கு எஃப்.ஏ. வரை படித்ததைச் சொன்னவர், ஹார்டியிடம் பல்கலைக்கழகக் கல்வியே பெறவில்லை என்கிறார். ஒரே குறையை ஆளறிந்து எழுதத் தெரிந்திருக்கிறது. பிப்ரவரி 27ஆம் தேதிய அடுத்த கடிதத்தில், மூளையைக் காக்க உணவு வேண்டும் என்றும், ஹார்டி பரிவோடு ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உதவித்தொகை பெறலாம் என்றும் நேராகவே கேட்டார்.

அதற்கு முந்தைய நாள், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். ஆராய்ச்சி உதவித்தொகையோ முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. எஃப்.ஏ. தவறியவருக்கு அதை வழங்க விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது, தளர்த்தினார்கள். 1913 மே முதல் நாளிலிருந்து மாதம் 75 ரூபாய், இரண்டாண்டுகளுக்கு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் அறிக்கை ஆகஸ்ட் 5ஆம் தேதி சமர்ப்பிக்கப்பட்டது. பதிவாளரின் ஏப்ரல் 9ஆம் தேதிக் கடிதத்தை அதன் எண்ணோடும் பத்தி எண்ணோடும் முறைப்படி சுட்டி, ஜூலை 31ஆம் தேதியோடு முடிந்த காலாண்டுக்குரிய முன்னேற்ற அறிக்கையைப் பணிந்து சமர்ப்பிப்பதாகப் போர்ட் டிரஸ்ட் எழுத்தரின் நடையிலேயே தொடங்குகிறார். அடுத்து வருவன வரையறுத்த தொகையீடுகளைக் காண அவர் கண்டறிந்த வழிகள்.