கப்பலேறும் மோட்டார் சைக்கிள்: அந்தமான் கடல்வழியின் வரலாறு

இந்திய எல்லைக்குள் இருந்தும் கடல் தாண்டியே சேர வேண்டிய நிலம் என்பதால், அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சொந்த மோட்டார் சைக்கிளில் போகத் திட்டமிடுபவர், அயல்நாடு செல்லும் பயணிக்குரிய கவலைகளில் பாதியையேனும் சுமக்க நேர்கிறது. கடவுச்சீட்டும் சுங்கச் சோதனையும் அவருக்கு இல்லை. ஆயினும் வண்டிக்குச் சரக்குப் பதிவு, தனக்குப் பயணச்சீட்டு, பருவக்காற்றின் போக்கு, பழங்குடிக் காப்புப் பகுதிகளுக்கான கட்டுப்பாடு ஆகியவற்றை எல்லாம் ஊரை விட்டுப் புறப்படும் முன்பே அவர் கணக்கில் கொண்டாக வேண்டும். சென்னையிலிருந்து, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் வரையிலான கடல்தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். அதைக் கடக்கப் பயணிகள் கப்பலுக்கு ஏறக்குறைய 60 மணி நேரம் பிடிக்கிறது. இத்தீவுகளில் கப்பலே முதலில் வந்தது, அதன் பின் அனுமதிச்சீட்டு வந்தது, சாலை எல்லாவற்றுக்கும் பிந்தி வந்தது. இன்றைய பயணியின் திட்டமும் அதே வரிசையில்தான் அமைகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அவ்வழியின் கடந்த காலத்தை அறிவது அவசியம்.

வங்கக் கடலின் இப்பகுதி தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின் மீது செலுத்திய கடற்படையெடுப்பில் கைப்பற்றிய இடங்களின் வரிசையில் மாநக்கவாரம் என்று அவனது மெய்க்கீர்த்தி குறிப்பது நிக்கோபார்த் தீவுகளையே என்பது ஆய்வாளர் பெரும்பான்மையோரின் முடிவு. ஆயினும் ஒழுங்கான கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயரின் தண்டனைக் குடியேற்றத்தோடுதான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர் அளவாய்வு செய்து 1789இல் நிறுவிய முதல் குடியேற்றம், வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டபின் நோயினால் நலிந்து 1796இல் கைவிடப்பட்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை நாடு கடத்த இடம் தேடியபோது அத்தீவுகள் மீண்டும் அரசின் நினைவுக்கு வர, 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் ஜே. பி. வாக்கர் போர்ட் பிளேரில் கரையிறங்கினார்.

அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் இக்கடல்வழியின் நோக்கம் ஒன்றே: அனுப்பப்பட்டவர் திரும்பக் கூடாது. கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய துறைமுகங்களைத் தீவோடு இணைத்த ‘மகாராஜா’ என்ற நீராவிக் கப்பலின் பெயர் கைதிகளின் நினைவுகளில் அச்சத்தோடு இடம்பெற்றது. 1911இல் சாவர்க்கர் சென்னைத் துறைமுகத்திலிருந்து அதே கப்பலில்தான் கொண்டு செல்லப்பட்டார். ஒரே வாயிலும் ஒரே கப்பலும் இருந்தால் வருவோரையும் போவோரையும் எண்ணிக் கணக்கு வைப்பது எளிது என்பதால், போர்ட் பிளேரைத் தவிர வேறு துறைமுகம் வளரவில்லை; அத்துறைமுகத்தைச் சுற்றிக் கைதிகளின் உழைப்பால் போடப்பட்ட பாதைகளைத் தாண்டி உள்நாட்டுச் சாலையும் வளரவில்லை. பெருந்தீவின் காடுகள் ஜாரவாப் பழங்குடி மக்களுடையவையாகவே எஞ்சின.

1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பு முடிந்து, தண்டனைக் குடியேற்றமும் கலைக்கப்பட்ட பிறகு, அதே கப்பல்வழி குடியேறிகளின் வழியாக மாறியது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள், ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்கள், 1969 முதல் கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் படைவீரர்கள், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் என அவ்வரிசை நீள்கிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 3.8 இலட்சம் பேர் வாழ்ந்த இத்தீவுகளில், வங்காள மொழிக்கு அடுத்து மிகுதியாகப் பேசப்படும் தாய்மொழிகளுள் தமிழ் இடம்பெற்றதற்குச் சென்னைக் கப்பலே முதற்காரணம் எனலாம்.

1961இல் தோன்றிய இந்தியக் கப்பல் கழகமும், தீவு நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்ககமும் இப்போக்குவரத்தை நடத்தி வந்துள்ளன. ‘ஹர்ஷவர்தனா’, ‘அக்பர்’, ‘நான்கௌரி’, ‘நிக்கோபார்’, ‘ஸ்வராஜ் தீப்’ ஆகிய பெயர்கள் தீவுத் தமிழரின் குடும்பக் கதைகளில், திருமணம், படிப்பு, மருத்துவம் ஆகியவற்றோடு சேர்ந்தே சொல்லப்படுகின்றன. கப்பலின் அடித்தட்டில் வரிசையாக அடுக்கப்பட்ட படுக்கைகளைக் கொண்ட ‘பங்க்’ வகுப்பு, ஏழை எளியவர்க்கும் கட்டுபடியாகும் வகையில் அமைந்தது. தீவுவாசிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. சுற்றுலாப் பயணி இதைக் குறையாகக் கருதலாகாது. இக்கப்பல்கள் முதலில் அவர்களுக்காகவே ஓடுகின்றன, மோட்டார் சைக்கிளோடு வருபவர் அவர்களது வழியில் விருந்தினராக ஏறுபவரே.

வண்டியை ஏற்றும் முறையைச் சற்று விரிவாகக் காண்பது தகும். பயணியின் சீட்டு வேறு, வண்டியின் பதிவு வேறு. மோட்டார் சைக்கிள் சட்டப்படி சரக்காகவே கருதப்படுகிறது. பதிவுச் சான்றின் படி, காப்பீட்டுச் சான்று, உரிமையாளரின் அடையாள அட்டை ஆகியவற்றைக் கொடுத்தபின், பெட்ரோல் தொட்டியை முற்றாக வடித்து, பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வண்டியை ஒப்படைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி மூடிய சரக்கறையில் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும் என்பதாலேயே, ஆபத்தான சரக்குகளைக் கடலில் கொண்டு செல்வதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பு எரிபொருளில் ஓடும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகளை வைத்துள்ளது. அனுபவமுள்ளவர்கள் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடிக்கும் தொட்டிக்கும் அட்டையும் சாக்கும் சுற்றிக் கட்டி, சங்கிலிக்கும் ஆரக்கம்பிகளுக்கும் எண்ணெய் பூசி விடுவர். மூன்று நாள் உப்புக்காற்று வெறும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. கிரேனின் பட்டைகளில் தொங்கியபடி வண்டி மேலேறிச் சரக்கறைக்குள் இறங்கியதும், கப்பல் உருளும்போது சாயாதவாறு அது நாற்புறமும் கயிற்றால் இழுத்துக் கட்டப்படுகிறது. போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் இறக்கியபின் பேட்டரியை இணைத்து, எரிபொருள் தேடிக் கொண்டுவந்து ஊற்றினால்தான் வண்டி நகரும் என்பதால், கரையிறங்கும் நாளில் நெடுந்தூரம் ஓட்டத் திட்டமிடுவது பேதைமை.

இங்கே குறிப்பிடத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. இந்தியச் சாலைகளில் நெடும்பயணத்திற்கு அடையாளமாகிவிட்ட புல்லட் வண்டியைத் தயாரிக்க, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, அதே கடற்கரையில் உள்ள திருவொற்றியூரில் அமைந்தது. தொடக்கத்தில் உதிரிபாகங்களைக் கொணர்ந்து பூட்டிய அவ்வண்டி, பின்னர் முழுமையாகவே இங்கு உருவானது.

சென்னைத் துறைமுகம் உலகைச் சுற்றும் மோட்டார் சைக்கிள் பயணிகளுக்கும் ஒரு காலத்தில் தவிர்க்க முடியாத வாயிலாக இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1955–56இல் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியாகவே வண்டியோட்டிச் சென்ற ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் குழுவுக்கு அன்று பர்மா வழிவிட்டது. 1962இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் அந்நாடு தரைவழிப் பயணிகளுக்குக் கதவடைத்துக்கொள்ள, தென்கிழக்கு ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே வண்டியோடு செல்ல விரும்பியவர்க்கு வங்கக் கடல் ஒன்றே எஞ்சியது. 1926இல் கட்டப்பட்டுச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் தமிழ்த் தொழிலாளர்களைச் சுமந்த ‘ரஜுலா’ 1970களின் தொடக்கத்தில் ஓய்வுபெற, அவ்விடத்தை ‘சிதம்பரம்’ கப்பல் நிரப்பியது. 1973இல் இலண்டனிலிருந்து 500 சி.சி. டிரையம்ஃப் வண்டியில் புறப்பட்டு நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றிய டெட் சைமனும், 1982 முதல் 1984 வரை பி.எம்.டபிள்யூ. வண்டியில் தனியாகச் சுற்றிய எல்ஸ்பெத் பியர்டும் மலேசியக் கரையிலிருந்து சென்னைக்குக் கப்பலேறியே இந்தியாவுக்குள் நுழைந்தனர். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பலில் மூண்ட தீ பல உயிர்களைப் பறித்ததோடு அச்சேவையையும் முடித்துவைத்தது.

அப்பயணிகள் கைக்கொண்ட ஆவணங்களுள் முதன்மையானது கார்னே எனப்படும் சுங்க உறுதிச்சீட்டாகும். ஒரு நாட்டுக்குள் கொண்டுசெல்லும் வண்டியை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டு வருவதாகப் பயணியின் நாட்டு மோட்டார் சங்கம் கொடுக்கும் பிணையே அது. அதன் ஒவ்வொரு தாளும் நுழைவுக்கு ஒன்று, வெளியேற்றத்திற்கு ஒன்று, அடிக்கட்டைக்கு ஒன்று என மூன்று பகுதிகளைக் கொண்டது. வெளியேற்ற முத்திரை விடுபட்டால், வண்டியின் மதிப்பை ஒட்டிக் கட்டிய பிணைத்தொகை திரும்புவது கடினம். இந்தியாவிலிருந்து செல்வோர்க்கு மும்பையிலுள்ள மேற்கிந்திய மோட்டார் சங்கம் இதனை வழங்குகிறது. இந்தியாவுக்கும் மியன்மாருக்கும் (பர்மாவுக்கும்) இடையிலான மோரே–தாமு எல்லை 2018 ஆகஸ்டில் கடவுச்சீட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டபோது தரைவழி மீளும் என்ற நம்பிக்கை துளிர்த்தது. 2020இன் பெருந்தொற்றும் 2021இன் மியன்மார் இராணுவப் புரட்சியும் அதைக் கருக்கின. அந்தமான் பயணத்திற்குக் கார்னே தேவையில்லை. ஆனால் கப்பல் கால அட்டவணைக்குக் காத்திருத்தல், வண்டியைப் பிறர் கையில் ஒப்படைத்தல், துறைமுக நடைமுறை ஆகியவற்றைப் பழகிக்கொள்ள இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இந்தியருக்கு வேறில்லை.

கப்பலுக்கு நேர்மாறாக, தீவின் சாலைக்கு வயது மிகக் குறைவு. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தமான் டிரங்க் சாலை, குடியேறியோர் ஊர்களை இணைக்கும் நோக்கில் 1970களில் மும்முரமாகக் கட்டப்பட்டு 1980களின் இறுதியில்தான் முழுமை பெற்றது. இன்று அது தேசிய நெடுஞ்சாலை 4. பாராடாங் தீவுக்கும் மத்திய அந்தமானுக்கும் இடைப்பட்ட ஹம்ஃப்ரி நீரிணையில் ஏறத்தாழ 1.45 கிலோமீட்டர் நீளமான பாலம் எழுந்துவிட்டதால் ஒரு படகுத்துறை குறைந்துள்ளது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் மட்டும் வண்டிகள் இன்னும் மிதவைப் படகில் ஏறிச் சதுப்புக் காடுகளுக்கு இடையே அக்கரை செல்கின்றன.

அச்சாலைக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. அதைச் செலுத்தியவர்கள் அச்சாலையைக் கேட்காதவர்கள். பழங்குடியினரைக் காக்க 1956இல் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு ஜாரவாக் காடு காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தும், சாலை அக்காட்டை ஊடறுத்தே போடப்பட்டது. தங்கள் வேட்டைக்காட்டைப் பிளந்து வந்தவர்களை ஜாரவாக்கள் அம்பால் எதிர்த்தனர். தொழிலாளர்கள் மாண்டனர், ஜாரவாக்கள் தரப்பிலும் உயிர்கள் போயின. 1990களின் இறுதியில் அவர்கள் பகை தவிர்த்துக் காட்டுக்கு வெளியே வரத் தொடங்கிய சிறிது காலத்திலேயே தட்டம்மை அவர்களைத் தாக்கியது. சில நூறு பேரே உள்ள ஓர் இனத்திற்கு, எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சாதாரண நோயே இன அழிவாகிவிட முடியும். காப்புப் பகுதியினூடே செல்லும் சாலைப் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002 மே 7 அன்று ஆணையிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை ஒன்றுசேர்த்துக் காவலர் துணையோடு குறித்த நேரங்களில் அனுப்பும் முறையே நடைமுறையில் உள்ளது. சுற்றுலாவின் பெயரால் அம்மக்கள் காட்சிப்பொருளாக்கப்பட்டது இத்தீவுகளின் அண்மை வரலாற்றில் வெட்கத்திற்குரிய பக்கம்.

நிக்கோபார் தீவுகளின் கதை இதிலிருந்து மாறுபட்டது. அங்கே சுற்றுலாப் பயணிக்கு வாயிலே திறக்கப்படவில்லை. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையை வண்டியில் தொட வேண்டும் என்ற ஆசை பலர்க்கு உண்டு. கிரேட் நிக்கோபாரில் எல்லைச் சாலைகள் அமைப்பு போட்ட சாலையின் பெரும்பகுதியை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, முனையின் கலங்கரை விளக்கம் நீரில் நின்றது. பழங்குடிப் பகுதிகளுக்கான அனுமதிச்சீட்டு இன்றி அங்கே செல்ல இயலாது. ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் நிலம் அது என்பதால் அக்கட்டுப்பாடு நீடிப்பதே முறை.

பயணத்திற்குத் திட்டமிடுவோர் பருவத்தை முதலில் நோக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்திலேயே தீவுகளைத் தொட்டுவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் எழும் காலம். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட மாதங்களே ஏற்றவை. கப்பல் தேதி தள்ளிப்போகக் கூடும் என்பதால் இரு முனைகளிலும் சில நாட்களை ஒதுக்கிவைப்பதும், காப்புப் பகுதிச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அப்போதுள்ள விதி என்ன என்பதை நிர்வாகத்திடம் கேட்டறிந்த பின்பே வடக்குப் பயணத்தை முடிவுசெய்வதும் நல்லது. அனுமதி கிடைத்தாலும், அக்காட்டுக்குள் வண்டியை நிறுத்தாமலும் படம் எடுக்காமலும் எவர்க்கும் உணவுப்பொருள் கொடுக்காமலும் கடப்பது சட்டக் கடமை. அதற்கும் மேலாக, அச்சாலையைத் தொடாமலே நிறைவான பயணம் செய்ய இயலும்: சிடியா டாப்பு வரை தெற்கேயும், வண்டூர் வரை மேற்கேயும், சாத்தம் துறையிலிருந்து வாகனப் படகில் பாம்பூ ஃபிளாட் கடந்து ஹாரியட் மலை வரையிலும் நல்ல சாலைகள் உள்ளன. மூன்று நாள் கடல் தாண்டி வண்டியைக் கொண்டுவரும் பயணி இவ்வழிகளையே தேர்ந்து, ஜாரவாக் காட்டை அதன் மக்களுக்கே விட்டுவிட வேண்டும்.