கலங்கரை விளக்கம்

மாந்தோப்புகளும் குன்றுகளும் சூழ்ந்த பங்காருபாளையத்திற்கும் கடலுக்கும் நெடுந்தொலைவு. இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்குக் கப்பல் என்பது பாடநூற் படமே. ஆயினும், கடலோடிகளுக்கு வழிகாட்டிய விளக்கைப் பற்றிய பழஞ்செய்தியொன்று நாம் வாழும் இந்நிலத்தோடு உறவுடையது என்பதைப் பலர் அறியார்.

சித்தூர் வட்டாரம் பண்டைத் தொண்டை நாட்டைச் சார்ந்தது. வேங்கடமலைக்கு உரியவராகச் சங்கப் பாடல் குறிப்பது திரையரை. அம்மரபினனான தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதே பெரும்பாணாற்றுப்படை. அவனது நாட்டு நீர்ப்பெயற்றுத் துறையில் வானளாவ உயர்ந்த, கூரை வேயாத மாடம் ஒன்று இருந்ததையும், ஏணி சார்த்தி ஏறி இரவில் அதன்மீது தீ மூட்டிக் கலங்களை அழைத்ததையும் அந்நூல் கூறுகிறது. அத்துறையை மாமல்லபுரமெனக் கொள்வாரும் உளர்.

‘கலங்கரை விளக்கம்’ என்னும் தொடர் புகாரைப் பாடும் சிலப்பதிகாரத்தில் உள்ளது. இங்குக் ‘கரை’ என்பது கடற்கரையன்று. கரைதல், அதாவது அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அச்சொல்லே இது. கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு என்பதே பொருள்.

பிற்காலத்தில் சென்னையில் இதன் தேவை பெரிதாயிற்று. துறைமுகம் இல்லாத அக்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. மக்கள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரையேறினர். 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தின் உச்சியில், தேங்காய் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. 1844-ல் ஏறத்தாழ 125 அடி உயரக் கற்றூண் எழுந்தது. 1894-ல் விளக்கு உயர்நீதிமன்றக் கோபுரத்திற்கு ஏறியது. 1977 முதல் மெரினாவிலுள்ள கலங்கரை விளக்கம் அப்பணியை ஆற்றுகிறது.

விளக்கை ஏன் உயர்த்திக்கொண்டே சென்றனர்? நிலவுலகம் உருண்டையாதலின், தாழ்ந்த விளக்கைக் கடலின் வளைவு மறைத்துவிடும். 100 அடி உயரத்து விளக்கின் ஒளி நீர்மட்டத்தில் ஏறக்குறைய 12 கடல் மைல் வரையே எட்டும். உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் இத்தொலைவு இருமடங்காகும். மேலும், ஒவ்வொரு விளக்கிற்கும் மின்னும் முறை தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளது. அதனை எண்ணிப் பார்த்தே மாலுமி இன்ன ஊர் என அறிகிறான்.

கரையை நெருங்கியபின் மிதவைகள் துணையாகும். நம் நாட்டுத் துறைமுகத்தினுள் நுழையும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு மிதவையும் வலப்புறம் பச்சை மிதவையும் வாய்க்காலின் எல்லையைக் காட்டும். அமெரிக்க நாடுகளிலும் ஜப்பானிலும் இவ்வண்ணங்கள் இடம் மாறும். முறை அறியாத மாலுமியின் கலம் தரைதட்டும், உயிர்களும் போகும். ஆதலின் இவற்றைக் காப்பது அரசின் கடமையாயிற்று. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்திற்கு மாற்றாக 2021-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. இன்று செயற்கைக்கோள்கள் வழிகாட்டினும், கருவி பழுதுற்ற இரவில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே துணை.

இவ்விளக்கைத் தெலுங்கு ‘தீபஸ்தம்பம்’ என அழகுற அழைக்கிறது. பள்ளியில் நம் பிள்ளைகள் அதனைக் கற்பது நன்றே. அதனுடன் ‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லையும், அதனுள் உறையும் அழைப்பையும் வீட்டில் நாம் சொல்லித் தருதல் வேண்டும். நாம் சொல்லாவிடின், இவ்வூரில் அவர்களுக்கு அதனைச் சொல்வார் யார்?