ஏழுக்கு நாலு: ஒரு சமாதானத்தின் கணக்கு

எங்க அம்மாச்சியின் தகரப் பெட்டியில் கடைசிவரைக்கும் ஒரு அட்டை இருந்தது. குடும்ப அட்டை என்று அதற்குப் பேர். ரேஷன் கார்டு அல்ல. ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு இந்திய அரசு கொடுத்த அட்டை. அம்மாச்சி, தாத்தா, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரின் பெயரும் வயதும் அதில் இருக்கும். மூன்றாவது பெயர் என் அம்மாவுடையது. அம்மாச்சியின் கூடப்பிறந்த அண்ணன் பெயர் அதில் இருக்காது. அவர் ‘மூணு லட்சத்துக் கணக்கு’. அம்மாச்சி ‘அஞ்சேகால் லட்சத்துக் கணக்கு’. “ஒரு வயித்துல பொறந்தவுகள ரெண்டு கணக்குல எழுதிட்டாக புள்ள. அதுக்கப்புறம் அண்ணன் மொகத்த நான் பாக்கவே இல்ல” என்று சொல்லும். அழாது. சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கும்.

இந்தக் கணக்கை எழுதியவர்கள் யார்? எதற்காக எழுதினார்கள்? எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சேரிகளில் சங்க வேலை, கூட்டம் என்று அலைந்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. இரு நாட்டுப் பிணக்கைப் போரில்லாமல் பேசித் தீர்த்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு என்று 1964ஆம் வருட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. போர் நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தீர்ந்தது யாருடைய பிணக்கு? சேரி வாசலில் உட்கார்ந்து கேட்டால் இதற்கு வேறு பதில் கிடைக்கிறது.

1

கதையைக் காப்பிச் செடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1820களுக்குப் பிறகு வெள்ளைக்காரன் கண்டிச் சீமையில் காப்பி போட்டான். 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலைக்கு மாறினான். இரண்டுக்கும் ஆள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆரம்ப நாட்களில் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது.

போனவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் பண்ணையடிமைத்தனம், பஞ்சம், தீண்டாமை. கடல் தாண்டினால் இதிலிருந்து தப்பிக்கலாம் என்று போனவர்கள். போன இடத்தில் லயத்துக் காம்பராவும், விடிகாலைப் பிரட்டும், கங்காணியின் கடனும் காத்திருந்தன. ‘துண்டு’ என்று ஒரு சீட்டு. கடன் தீர்ந்தது என்று அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. கங்காணிகளில் பலர் ஆதிக்க சாதியார். ஆக, சாதியும் அதே கப்பலில்தான் போனது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. தோட்டத் தொழிலாளி ஓட்டுப் போட்டால் பாராளுமன்றத்தில் ஏழு நாற்காலி வரும் என்பது தெரிந்துவிட்டது. மறு வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம். அப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இலங்கைத் தமிழ்த் தலைமையும் இதில் ஒன்றாக நிற்கவில்லை. ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் மந்திரியாக இருந்தார். இந்தப் பிரச்சினையில் அவரைவிட்டுப் பிரிந்துதான் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இலங்கை “இவர்கள் இந்தியர்” என்றது. இந்தியாவோ, அவர்கள் பிழைக்கும் நாடுதான் குடியுரிமை தர வேண்டும் என்றது. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தமும் இழுபறியில் நின்றது. நடுவில் நின்ற சனத்துக்குச் சிங்களப் பேரினவாதம் வைத்த பேர் ‘கள்ளத்தோணி’. நாடு இல்லாதவன் என்று அதற்குப் பொருள். இந்த நாட்டுச் சேரியிலும் அவனுக்கு ஊர் இல்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

2

1962இல் சீனாவோடு நடந்த போரில் இந்தியா அடிவாங்கியது. அந்த டிசம்பரில் ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டி, இரண்டு பெரிய நாடுகளுக்கும் சமாதானம் பேசியவர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. 1964 மே மாதம் நேரு இறந்தார். சாஸ்திரி பிரதமரானார். அக்கம்பக்கத்து நாடுகளின் சிநேகம் இந்தியாவுக்கு அவசரமாகத் தேவைப்பட்ட காலம் அது. அக்டோபர் மாதம் டெல்லியில் பேச்சு நடந்து, 30ஆம் தேதி கடிதங்கள் மாறின.

தீர்மானம் இதுதான். நாடற்றவர் மொத்தம் 9,75,000 பேர். இந்தியா எடுத்துக்கொள்வது 5,25,000. இலங்கை எடுத்துக்கொள்வது 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பதினைந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும். அங்கே நாலு பேருக்குப் பிரஜாவுரிமை என்றால் இங்கே ஏழு பேர் கப்பலேற வேண்டும். ஏழுக்கு நாலு. இடையில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கக் காகிதத்தில் ‘இயற்கைப் பெருக்கம்’ என்று பேர். என் அம்மா அந்த இயற்கைப் பெருக்கத்தில் வருகிறவள்.

மீதி ஒன்றரை லட்சத்தை 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் ஆட்டுக்குட்டியைப் பங்கு போடுவதும் இப்படித்தான். ஆனால் அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரிடம் “நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?” என்று கேட்டுவிட்டு இந்த எண்கள் எழுதப்படவில்லை. எண் முதலில் வந்தது. மனுப் போடச் சொன்னது பிறகு.

தமிழ் படித்தவர்களுக்குக் கோவூர்கிழாரைத் தெரியும். இரண்டு சோழர்களின் போரை நிறுத்தச் சந்து பேசிய புலவர். முற்றுகைக்குள் பாலில்லாமல் அழுத பிள்ளைகளை அவர் அரசன் முன்னால் எடுத்துச் சொன்னார். டெல்லி மேசையில் லயத்துப் பிள்ளைகளுக்காகப் பேச ஒரு நாற்காலி போடப்படவில்லை.

3

மக்களை மாற்றிச் சண்டையைத் தீர்ப்பது உலகத்துக்குப் புதிதல்ல. 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரீசும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்தன. சுமார் பன்னிரண்டு லட்சம் கிறித்தவர்கள் துருக்கியிலிருந்தும், நாலு லட்சம் முஸ்லிம்கள் கிரீசிலிருந்தும் வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். விருப்பம் கேட்காத கட்டாய மாற்றம்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மறைத்து எழுத மாட்டேன். 1940இல் பாகிஸ்தான் கோரிக்கை பற்றி எழுதிய நூலில் டாக்டர் அம்பேத்கர், துருக்கி, கிரீஸ், பல்கேரியா நாடுகள் மக்களை மாற்றிக்கொண்டதை நடக்கக்கூடிய தீர்வுக்குச் சான்றாகவே காட்டுகிறார். சிறுபான்மையினர் தினமும் வெட்டுப்படுவதைவிட அது மேல் என்பது அவர் வாதம். அம்மாச்சியின் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படிப்பது லேசான காரியமல்ல. ஆனால் அதே அம்பேத்கர்தான், நாடு பிரிவதா வேண்டாமா என்பதைச் சம்பந்தப்பட்ட மக்களின் வாக்கெடுப்பில் விடச் சொன்னவர். வட்டமேசை மாநாட்டில் எங்களுக்காக வேறு யாரும் பேச முடியாது என்று காந்தியின் எதிரே உட்கார்ந்து சொன்னவர். தீர்வு எது என்பதற்கு முன்னால், தீர்மானிப்பது யார் என்ற கேள்வியை வைக்க அவரிடம்தான் கற்றோம். 1964ஐ அந்தக் கேள்வியால்தான் நான் அளக்கிறேன்.

எங்கள் ஜில்லாவிலேயே இன்னொரு மேசை இருந்தது. அப்போது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், முதுகுளத்தூர், மண்டபம் எல்லாம் ஒரே இராமநாதபுரம் ஜில்லா. 1957 செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் கலெக்டர் சமாதானக் கூட்டம் கூட்டினார். அங்கே இம்மானுவேல் சேகரன் தன் மக்களின் பிரதிநிதியாக, மற்றவர்களுக்குச் சமமாகப் போய் உட்கார்ந்தார். மறுநாள் பரமக்குடியில் கொலை செய்யப்பட்டார். ஒரு மேசையில் நமக்கு நாற்காலியே இல்லை. இன்னொரு மேசையில் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு உயிர் போனது. அமைதி என்றால் மேலே இருப்பவன் தூக்கம் கெடாமல் இருப்பது என்றுதான் அரசுகள் புரிந்துவைத்திருக்கின்றன.

4

அம்மாச்சி 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது. மண்டபம் முகாமில் சில நாள். பிறகு வியாபாரக் கடன் என்று கொஞ்சம் பணம். ஆயுசு பூராவும் கொழுந்து கிள்ளின கைக்கு என்ன வியாபாரம் தெரியும்? திரும்பிவந்தவர்களுக்கு அரசு தேயிலைத் தோட்டம் நீலகிரியிலும், ரப்பர் தோட்டம் கன்னியாகுமரியிலும் போட்டார்கள். நூற்பு மில்களிலும் சிலருக்கு வேலை கிடைத்தது. இடம் கிடைக்காதவர்கள் கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியது 1980களில் வெளியே வந்தது. எங்கள் தாத்தா, பாட்டன் விட்டுப்போன ஊரைத் தேடி இராஜபாளையம் பக்கம் வந்துவிட்டார். நூறு வருடத்துக்கு முன்னால் எந்தச் சேரியை விட்டுப் போனார்களோ அதே சேரி. ஊர்க்காரர்களுக்கு இவர்கள் ‘சிலோன்காரங்க’. அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர்.

“அங்கிட்டு நான் செருப்புப் போட்டு நடந்தவ. இங்கிட்டு மொத நாளே கழத்தி கையில எடுன்னுட்டாக” என்று அம்மாச்சி சொல்லும். ஊர் டீக்கடையில் சேரியாட்களுக்குத் தனிக் கிளாஸ். கழுவி நாமே கவிழ்த்து வைக்க வேண்டும். “நான் கிள்ளுன தூளு ஒலகம் பூராவும் பீங்கான் கோப்பையில போச்சு. எனக்குக் கொட்டாங்கச்சி மாதிரி ஒரு கிளாஸ நீட்டுறான்” என்று ஒரு நாள் டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்ததாம். அதற்குப் பிறகு சாகும்வரை கடையில் டீ குடித்ததில்லை. களையெடுத்து, நாற்று நட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தது. ஒப்பந்தத்தின் எந்த ஷரத்திலும் சாதி என்ற வார்த்தை கிடையாது. இரண்டு அரசுகளின் கண்ணுக்கும் அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அனுப்பும் இடம் ஊரா சேரியா என்றாவது கேட்டிருப்பார்கள்.

5

சரி, பிணக்காவது தீர்ந்ததா? இந்தியாவுக்கு வந்துசேர்ந்தவர்கள் நாலு லட்சத்துக்கு மேல். அங்கே மிஞ்சியவர்கள் 1977லும் 1983லும் அடிபட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். 1984வாக்கில் கப்பலும் நின்றுபோனது. 1987 ஜூலையில் இன்னொரு ஒப்பந்தம், ராஜீவ் – ஜெயவர்த்தனா. அதுவும் இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட சமாதானம். அமைதிப்படை என்று போனது சண்டையில் மாட்டி, 1990 மார்ச்சில் திரும்பியது. யுத்தம் 2009 மே மாதம்வரை ஓடியது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலையகத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது எப்போது? அந்த மக்கள் தாங்களே திரண்டபோது. 1986 ஜனவரியில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தினார்கள். தொண்டமான் பெரிய கங்காணிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர்மேல் நமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் அவர் பின்னால் தொழிற்சங்கம் நின்றது, ஓட்டு நின்றது. 1988இல் ஒரு சட்டமும், மிச்சம் இருந்தவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டமும் வந்து இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஏழுக்கு நாலு கணக்கைக் கடைசியில் மூடியது அந்தச் சனத்தின் பேரம்தான்.

இந்தப் பக்கம் அது மூடப்படவில்லை. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களில் மலையகத்தாரும் உண்டு. அவர்களுடைய முப்பாட்டன்களும் இந்த மண்ணிலிருந்து போனவர்கள்தான். முகாம்களுக்கு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பேர் மாற்றினார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது. அதில் இலங்கை இல்லை. எங்கள் பக்கத்து முகாம் ஒன்றில் என் வயசுப் பெண்ணொருத்தி கேட்டாள்: “ஒங்க அம்மாச்சி கப்பல்ல வந்துச்சு, நீங்க இந்தியா. எங்க அம்மாச்சி கப்பல் நின்ன பெறகு தோணியில வந்துச்சு, நாங்க அகதி. என்னக்கா வித்தியாசம்?” என்னிடம் பதில் இல்லை. கப்பலுக்கும் தோணிக்கும் உள்ள வித்தியாசம்தான்.

தோழர்களே, நம் சேரிகளில் எத்தனையோ தகரப் பெட்டிகளில் இந்தக் குடும்ப அட்டைகள் கரையான் அரித்துக் கிடக்கின்றன. சர்வதேச உறவு பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் அவற்றைத் தேடி வரமாட்டார்கள். கப்பலேறி வந்தவர்களில் விவரம் தெரிந்த வயதில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இந்த லீவில் ஊருக்குப் போனால், பாட்டியிடம் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், யாரை விட்டுவிட்டு வந்தது, வந்த அன்று ஊர் என்ன சொன்னது என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஒப்பந்தம் எங்கோ ஒரு மேசையில் எழுதப்படும்போது, கேட்காமல் எங்களைக் கணக்கில் எழுதாதே என்று சொல்ல நம் கையில் சாட்சி வேண்டும்.

அம்மாச்சியின் அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கம் வெற்றாக இருந்தது. அவள் அண்ணன் பெயரை நான் அதில் எழுதி வைத்திருக்கிறேன்.